ஜானவாசக் காரும் லேத் பட்டறையும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் திருமயத்தைச் சுற்றிய கடியாபட்டி, இராயவரம், அரிமளம், கோனாபட்டுப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அமெரிக்கக் கார் சினிமாவில் மட்டும் பார்க்கிற சாமானாக இருந்ததில்லை. பெரிய வீடுகளை ஒட்டிய ஷெட்டில் செவர்லேயோ பியூக்கோ டாட்ஜோ ஒன்று நிற்கும். ஊரில் அதற்குப் பெயர் பிளஷர். அவற்றிலும் கூரை மடக்குகிற வண்டிக்குத் தனி மவுசு. மாப்பிள்ளை அழைப்புக்கும் ஜானவாசத்துக்கும் அந்த வண்டிதான் வேண்டும். தேர்தல் வந்தால் வேட்பாளர் நின்றபடி கும்பிட்டுக்கொண்டு போகவும் அதுதான். எழுபது, எண்பதுகளில் பார்த்து நினைவில் தங்கிய அந்த வண்டிகளில் ஒன்றுகூட இன்றைய கண்காட்சி வண்டிகளைப் போலப் பளபளத்ததில்லை. பின்சக்கரத்தில் ஜீப் டயர், முன்சக்கரத்தில் டிராக்டருக்குப் போடுகிற வரி டயர். கேன்வாஸ் நைந்த இடத்தில் லாரித் தார்ப்பாயை வெட்டித் தைத்திருப்பார்கள். பானெட்டின் நெற்றியில் செவர்லே சின்னம் இருக்கும், உள்ளே தடதடப்பது டீசல் என்ஜினாக இருக்கும். இப்போது அப்படி ஒரு வண்டியை ஷெட்டிலிருந்து வெளியே இழுத்துச் சீரமைக்க முனைகிறவர்கள் முதல் வேலையாக இவற்றையெல்லாம் பட்டியல் போட்டுக் கழற்றி எறிகிறார்கள். பிறகு அமெரிக்கக் கேட்லாக்கைத் திறந்து, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கப் பாகம் தேடுகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. நம் மாவட்டத்தில் ஓடிய வண்டிக்கு நம் மாவட்டத்துப் பட்டறைகள் செய்த வேலையும் அந்த வண்டியின் அசல்தான். சீரமைப்பு என்பது அதையும் காப்பாற்ற வேண்டும்; பாகம் தேடும் வழியும் அதையொட்டியே அமைய வேண்டும்.

இந்த வண்டிகள் வந்த கதையிலேயே இதற்கு ஆதாரம் இருக்கிறது. ஃபோர்டு 1926இல் தன் கனடாக் கம்பெனியின் கிளையாக இந்தியாவுக்குள் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாய் சிவ்ரியில் கார் பூட்டத் தொடங்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் வெளியே வந்த முதல் வண்டியே செவர்லே டூரிங், அதாவது துணிக்கூரை போட்ட திறந்த வண்டி. உதிரிகளாகப் பெட்டியில் கப்பலேறி வந்ததை இங்கே பூட்டினார்கள். நமக்கு வேண்டிய வலதுபக்க ஸ்டீயரிங் வண்டிகளில் பல கனடாவில் தயாரானவை. தெற்கே ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்றது மதுரை டி.வி.எஸ். அதை நிறுவிய டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1910களில் பேருந்து ஓட்டத் தொடங்கியபோது தஞ்சாவூர்–புதுக்கோட்டைச் சாலையும் அவருடைய தடங்களில் ஒன்றாக இருந்தது. ஆகவே புதுக்கோட்டைத் தொண்டைமான் சமஸ்தானத்துக்கு மோட்டார் புதிதல்ல. பர்மாவிலும் மலேயாவிலும் சம்பாதித்த நகரத்தாருக்கு வண்டி வாங்குவதும் பெரிய காரியமல்ல. ‘அசல் அமெரிக்கன்’ என்று மார்தட்டுகிற வண்டி, கனடாவில் வார்த்து, பம்பாயில் பூட்டி, மதுரையில் விலைபேசி வந்தது என்றால், அசல் என்ற அந்தத் தொடக்கப்புள்ளியை எங்கே குறிப்பது? இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும் கரிவாயுக் கலனை வண்டிக்குப் பின்னால் கட்டி ஓட்டினார்கள், டி.வி.எஸ். அந்தக் கலனைத் தானே தயாரித்து விற்றது. பிறந்து பத்து வருடம்கூட ஆகாத கார்கள் அன்றே உருமாறிவிட்டன. அதை யாரும் கெடுத்துவிட்டதாக நினைக்கவில்லை.

பாகத் தட்டுப்பாடு உண்மையில் தொடங்கியது 1953–54இல். இங்கே தயாரிக்கும் திட்டம் இல்லாமல் வெறுமனே பூட்டி விற்கும் கம்பெனிகளுக்கு இனி இடமில்லை என்று அரசு முடிவெடுத்ததும் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி டாட்ஜ், பிளைமவுத், டிசோட்டோ வண்டிகளைக் கொஞ்ச காலம் பூட்டியது. செவர்லேக்காரர்களுக்கு அதுவும் கிடையாது. அதற்குப் பிறகும் அந்த வண்டிகள் முப்பது, நாற்பது வருடம் ஓடியிருக்கின்றன என்றால் அதற்குப் பெரிய காரணம் ஜீப் என்பேன். மகிந்திரா கம்பெனி நாற்பதுகளின் இறுதியிலேயே வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பித்துவிட்டது. வட்டார வளர்ச்சி அலுவலகம் தொடங்கி மலேரியா ஒழிப்பு வரை எங்கும் ஜீப். அமெரிக்க அளவில் மரை வெட்டிய போல்ட்டும் நட்டும், ஆறு வோல்ட் மின்சாமானும், 6.00–16 டயரும் சின்ன ஊர்க் கடைகளில்கூடக் கிடைத்ததற்கு அதுவே காரணம். முப்பதுகளின் பிற்பகுதிச் செவர்லேக்கும் அதே டயர் அளவுதான். டிராக்டரின் முன்சக்கரத்துக்கும் அதே. பேரிங், ஆயில் சீல் போன்றவற்றுக்குக் கம்பெனிப் பெயரே தேவையில்லை: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் வெர்னியரில் அளந்து சொன்னால் கடைக்காரர் எடுத்து வைத்துவிடுவார். செவர்லே முன்சக்கரத்தில் அந்தக் காலத்தில் பால் பேரிங். அது தேய்ந்ததும் அளவு பார்த்து டேப்பர் பேரிங் மாட்டினார்கள். இதே மாற்றத்தை அமெரிக்காவிலும் செய்கிறார்கள். அங்கே செய்தால் மேம்பாடு, இங்கே செய்தால் கைவேலை என்று பெயர்.

என்ஜின் வேலையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். 1937இல் வந்து ஐம்பதுகளின் தொடக்கம் வரை ஓடிய செவர்லே ஆறு சிலிண்டர் என்ஜின், 216 கன அங்குலம். அதில் கனெக்டிங் ராடுக்குத் தனி பேரிங் கிடையாது. ராடின் வாயிலேயே ஒயிட் மெட்டல் வார்த்திருக்கும். ராடின் அடியில் கரண்டி மாதிரி ஒரு துடுப்பு எண்ணெயை அள்ளும். மெட்டல் தேய்ந்தால் கடையில் வாங்கி மாட்ட ஒன்றுமில்லை. பழையதை உருக்கி வழித்துவிட்டு, வாய்க்கு ஈயம் பூசி, நடுவில் உருளை நிறுத்தி, வெள்ளீயமும் ஆன்டிமனியும் செம்பும் சேர்ந்த புதுக் கலவையைச் சூடு குறையாமல் ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். ஆறியதும் லேத்தில் குடைந்து, கிராங்கில் நீலச் சாயம் தடவி மாட்டிச் சுற்றி, சாயம் ஒட்டிய மேட்டை மட்டும் ஸ்கிரேப்பரால் சுரண்ட வேண்டும். மூடிக்கு இடையில் வைத்த மெல்லிய தகடுகளில் ஒன்றை உருவி இறுக்கம் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் இன்று இதற்கென்று இருக்கிற பட்டறைகள் குறைவு, செலவும் அதிகம். நம்மிடம் இந்தக் கைவேலை நெடுநாள் நிலைத்ததற்குக் காரணம் காரல்ல, கிணற்று மேட்டில் ஓடிய ஆயில் என்ஜின். பம்புசெட்டுக்கு ஒயிட் மெட்டல் வார்த்த கை செவர்லேக்கும் வார்த்தது. அப்படி வார்த்த ராடு ஒன்று ஓடுகிற நிலையில் இருக்கும்போது, அதைக் கழற்றிவிட்டு வெளிநாட்டிலிருந்து ‘அசல்’ ராடு வரவழைப்பது பணவிரயம் என்பது ஒருபுறம். இன்னொரு மெக்கானிக்கின் வேலையைச் சாட்சியில்லாமல் அழிப்பது என்பது மறுபுறம்.

டீசல் மாற்றத்துக்குத்தான் எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். 1973இல் எண்ணெய் விலை உயர்ந்த பிறகு ஆறு சிலிண்டர் பெட்ரோல் வண்டியை வைத்து ஓட்டுவது யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. பெர்கின்ஸ் என்ஜினோ, பிறகு மேட்டடார் என்ஜினோ பூட்டி வாடகைக்கு விட்டதால்தான் வண்டி வீட்டில் நின்றது. இல்லாவிட்டால் காயலான் கடைக்குப் போய் எடைக்கு எடை விலைபோயிருக்கும். இன்றைய சட்டமோ அதற்குத் தண்டனை கொடுக்கிறது. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த விண்டேஜ் பிரிவில், ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்தோடு தனி எண் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லுபடி. ஆனால் சேசிஸிலோ பாடியிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் செய்யாத, அசல் வடிவில் உள்ள வண்டியாக இருக்க வேண்டும். கேரேஜிலேயே பூட்டிவைத்த வண்டி சுலபமாகத் தேறிவிடும். ஊரில் ஓடி உழைத்த வண்டி வெளியே நிற்கும். பழைய வண்டிகளுக்குச் சட்டத்தில் ஓர் இடம் கிடைத்ததே பெரிது. அந்த விதியை நான் வரவேற்கிறேன். ஆனால் 1975இல் மாற்றிய என்ஜினுக்கும் போன மாதம் மாற்றிய என்ஜினுக்கும் அதில் வேறுபாடு இல்லை என்பது குறைதான்.

வெளிநாட்டில் இதைப் பற்றி நம்மைவிட நிறைய யோசித்திருக்கிறார்கள். 1929, 1930 இரண்டு வருடமும் லெ மான் பந்தயத்தில் வென்ற பென்ட்லி வண்டி ஒன்று ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்ற பெயரில் விலைபேசப்பட்டு, அது உண்மையிலேயே அந்த வண்டிதானா என்ற வழக்கு 1990இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. சேசிஸ், என்ஜின், பாடி என்று ஒவ்வொன்றாக மாறி, பந்தயத்தன்று இருந்த இரும்பில் சொற்பமே மிஞ்சியிருந்தது. அப்படியும் அறுபடாத வரலாறு அதற்கு உண்டு, ஆகவே அதுதான் அந்த வண்டி என்று நீதிபதி ஆட்டன் தீர்ப்பளித்தார். பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பான ஃபீவா 2012இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனமும், ஒரு வண்டி தன் உழைக்கும் காலத்தில் பெற்ற மாற்றங்களை அதன் சரித்திரத்தின் பகுதியாகவே மதிக்கிறது. இதற்கு நேரெதிர் உதாரணமும் அமெரிக்காவில் உண்டு. 1932 ஃபோர்டு ரோட்ஸ்டரின் இரும்பு பாடியைப் புதிதாகவே அச்சடித்து விற்கிறார்கள். சேசிஸ், அச்சு, கூரைச் சட்டம் எல்லாம் புதிதாக வாங்கி, 1932இன் இரும்பு ஒரு குண்டூசியளவும் இல்லாமல் ஒரு 1932 ஃபோர்டைக் கட்டிவிடலாம். கேட்லாக்கோடு ஒத்துப்போவதுதான் அசல் என்றால், அந்த வண்டி இராயவரத்துச் செவர்லேயைவிட அசலாகிவிடும். இது சரியென்று யாராவது மனமொப்பிச் சொல்வார்களா?

நம் மாவட்டத்தின் மிகப் பெரிய புராதனச் சொத்தே இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறது. சித்தன்னவாசல் அறிவர் கோயிலில் இருக்கிற கல்வெட்டு, மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்ற சமண ஆசிரியர் ஒன்பதாம் நூற்றாண்டில் அந்தக் குடைவரையைப் புதுப்பித்ததைச் சொல்கிறது. அதாவது ஒருவர் செய்த திருப்பணியே கல்லில் பொறித்து வைக்கும் பெருமை பெற்றிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் முன்புறம் ஒரு மண்டபம் எழுப்பியபோது குடுமியான்மலையிலிருந்து பழைய தூண்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சமஸ்தானத்து நிர்வாகி டாட்டன்ஹாம் காலத்து வேலை அது. பழைய கார்க்காரர்கள் பாகத்துக்காக இன்னொரு வண்டியைக் கழற்றுவதும் இதே முறைதான். சரி, அப்படியானால் அந்தக் குடைவரையின் தாமரைக் குள ஓவியத்தையும் புதிதாக வரைந்து நிரப்பிவிடலாமே என்றால், கூடாது. உதிர்ந்த தாமரையை உதிர்ந்ததாகவே விடுகிறோம். அதேசமயம் திருக்கோகர்ணத்தில் கும்பாபிஷேகம் என்றால் கோபுரத்துக்குப் புது வர்ணம் பூசுகிறோம், யாரும் குறைசொல்வதில்லை, ஏனென்றால் அங்கே பூஜை நடக்கிறது. புழங்குகிற பொருளுக்கு ஒரு நெறி, புழக்கம் நின்ற பொருளுக்கு வேறு நெறி. கார் சாலையில் ஓடப்போகிறது என்றால் அது முதல் வகையைச் சேர்ந்தது. காலம்தோறும் பழுதுபார்ப்பு அதில் சேரத்தான் சேரும்.

இதற்கு வருகிற முதல் ஆட்சேபம் கடுமையானது, நியாயமானதும்கூட. பட்டறைக்காரர் செய்ததெல்லாம் சரித்திரம் என்றால், அவர் செய்த மோசமான வேலையும் சரித்திரம்தானே, அதையும் காப்பாற்ற வேண்டுமா? வேண்டாம். உயிருக்கு ஆபத்தான இடத்தில் எனக்குச் சரித்திரப் பற்று கிடையாது. திறந்த வண்டிக்குக் கூரையின் பலம் இல்லை. பாரம் முழுவதையும் சேசிஸே தாங்க வேண்டும் என்பதால்தான் கன்வெர்டிபிளுக்குக் கம்பெனிக்காரர்கள் நடுவில் கனத்த குறுக்குச் சட்டம் கொடுத்தார்கள். ஜானவாச வாடகைக்கென்று சாதாரண மூடு காரின் கூரையை அறுத்துத் திறந்த வண்டியாக்கியதும் நம் பக்கத்தில் நடந்ததுதான். அந்த வண்டியில் கதவு சரியாக மூடாமல் இடைவெளி விரிகிறதா என்று பார்த்தாலே சேசிஸ் தொய்ந்துவிட்டது தெரிந்துவிடும். அதற்கு ஒரு சேனலை வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். பற்றுவைப்பில் விரிசல் இருந்தால் தயங்காமல் அறுத்துவிட்டுத் திரும்பச் செய்ய வேண்டும். ஆனால் கூரையைத் திரும்ப மூடக் கூடாது என்பது என் கட்சி. நாற்பது வருடம் மாப்பிள்ளைகளைச் சுமந்த வண்டி அது. கம்பெனி கன்வெர்டிபிள் என்று சொல்லி விற்றால் மோசடி; அறுத்துச் செய்த ஜானவாசக் கார் என்று சொல்லி வைத்திருந்தால் அதில் பொய் எதுவும் இல்லை. பிரேக்கிலும் அப்படித்தான். குழியான வீல் சிலிண்டருக்குப் பித்தளை ஸ்லீவ் போட்டு, கிடைக்கிற அளவு ரப்பர் கப்பை மாட்டுவது நல்ல வேலை. பழைய ரப்பர் குழாயை ‘அசல்’ என்று விட்டுவைப்பது அசட்டுத்தனம். இன்று பங்கில் கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பரும் பம்ப் டயாஃப்ரமும் அதற்குத் தாங்காது, கசிந்தால் தீப்பிடிக்கும். கேட்லாக் எண் பார்த்து வாங்கிய பழைய சரக்கைவிட, எத்தனாலுக்குத் தாங்கும் புதுக் குழாயே இங்கே சரியான பாகம்.

அடுத்தது பாகம் கிடைப்பது பற்றியது. இணையத்தில் தட்டினால் அமெரிக்காவிலிருந்து எல்லாம் வருகிற காலத்தில் லேத் பட்டறையை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்பார்கள். கண்ணாடி ஓர ரப்பர், விளக்கு லென்ஸ், மீட்டர் முகப்பு போன்ற அச்சில் வார்க்கும் சாமான்களை அங்கிருந்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம், நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே தயாராவது இடதுபக்க ஸ்டீயரிங் வண்டிக்கு. நம் வண்டியின் ஸ்டீயரிங் பெட்டி, டேஷ்போர்டு, பெடல் இணைப்புகள் அந்தக் கேட்லாக்கில் இருக்காது. ஆஸ்திரேலியாவிலோ நியூசிலாந்திலோ தென்னாப்பிரிக்காவிலோதான் தேட வேண்டும். ஆக வண்டியின் முகத்துக்கு அமெரிக்கப் பாகம் கிடைக்கும், ஓட்டுகிற உறுப்புக்குக் கிடைக்காது. கதவுப் பிடியும் சின்னமும் துத்தநாக வார்ப்பு. குமிழ் குமிழாகப் பொங்கிவிட்டால் அதன் மேல் குரோமியம் நிற்காது. அதையே மெழுகில் உருவெடுத்துப் பித்தளையில் வார்க்கச் சுவாமிமலை வரை போனால் போதும். சாமி வார்க்கிற கைக்கு ஒரு கதவுப்பிடி எம்மாத்திரம். முப்பதுகளின் டூரிங் வண்டியில் தகட்டுக்கு உள்ளே மரச்சட்டம். நம் மண்ணின் வறட்சியில் தகடு பிழைத்திருக்கும், மரத்தைக் கரையான் தின்றிருக்கும். அமெரிக்காவில் வைத்தது ஆஷ் மரம். இங்கே தேக்கு வைத்தால் கேட்லாக் மீறல். கரையானுக்கு எது பதில் சொல்லும் என்று பார்த்துத்தான் ஆசாரி தேக்கை எடுத்தார்.

விலை குறைந்துவிடும் என்பது இன்னொரு வாதம். ஏலக்காரர் கணக்கில் குறையும், உண்மை. ஆனால் அந்தக் கணக்கின்படி போனால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இந்த வட்டாரத்து வீடுகளே சாட்சி. பர்மாத் தேக்குத் தூணும் கதவு நிலையும் தனித்தனியாக நல்ல விலைபோகும் என்று தெரிந்ததும் எத்தனையோ வீடுகள் பிரிந்து காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்குப் போயின. அங்கே ஒவ்வொரு தூணும் அசல், எந்தத் தூண் எந்த வளவில் நின்றது என்பதற்கு மட்டும் ஆள் இல்லை. செட்டிநாட்டு ஊர்களை 2014இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் சேர்த்தார்கள்; அதற்குள் போனவை போய்விட்டன. ஒரு காரின் பாகங்களை மட்டும் மதிப்பிட்டு, அது இந்த ஊரில் வாழ்ந்த விதத்தைக் கழிவாகத் தள்ளினால் அதே கதிதான். இதெல்லாம் பணக்காரர் விளையாட்டு, இதில் ஊருக்கு என்ன என்று கேட்பவர்களும் உண்டு. விளையாட்டுத்தான். ஆனால் அந்தப் பணம் டாலராகி வெளியே போகிறதா, திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் டிங்கரிங் பட்டறைக்கும் லேத்துக்கும் குஷன் கடைக்கும் போகிறதா என்பதில் ஊருக்குச் சம்பந்தம் உண்டு. வேலை வந்தால்தான் கை நிற்கும். பம்புசெட் மின்சார மோட்டாருக்கு மாறியதிலிருந்து ஒயிட் மெட்டல் வார்க்கக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

ஆகவே விதியில் பெரிதாக எதையும் புரட்ட வேண்டியதில்லை. விண்டேஜ் பதிவுக்கான விண்ணப்பத்தில், மாற்றம் உண்டா இல்லையா என்று கேட்பதோடு நிறுத்தாமல், எந்த ஆண்டு செய்தது என்றும் கேட்டால் போதும். ஐம்பது வருடத்துக்கு முந்தைய வண்டிக்குச் சலுகை என்றால், ஐம்பது வருடத்துக்கு முந்தைய மாற்றத்துக்கும் அது பொருந்த வேண்டும் என்பது நேரான தர்க்கம். சாட்சியத்துக்கும் பஞ்சமில்லை. பெட்ரோலை அடித்து டீசல் என்று எழுதி முத்திரை குத்திய பழைய ஆர்.சி. புத்தகம் பல வீடுகளில் பெட்டிக்குள் இருக்கிறது. பட்டறை ரசீதுகள் கணக்கு நோட்டுக்குள் இருக்கின்றன. நகரத்தார் வீட்டில் கணக்கு எழுதாத செலவு உண்டா? சீரமைப்பவர்கள் வண்டியைக் கழற்றும்போது ஒவ்வொரு ஸ்லீவையும் ஒவ்வொரு பற்றுவைப்பையும் படமெடுத்து, எது வைத்துக்கொண்டது, எது எடுத்தது, ஏன் எடுத்தது என்று ஒரு நோட்டில் எழுதி வண்டியோடு வைக்க வேண்டும். அந்த நோட்டில் என்ஜின் எண்ணுக்குப் பக்கத்தில் அதைப் பூட்டிய பட்டறையின் பெயரையும் ஊரையும் எழுதச் சொல்வேன்.